லொல், லவுஞ்ச், ட்றூப்: சரிந்து கிடப்பதற்கு எந்த ஆங்கில வினை?

சாய்மனைக்கதிரையில் ஒருவர் காலை நீட்டிச் சரிந்து கிடக்கிறார். விறாந்தைக்கு வெளியே நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளைக்கிறது. வளவு வாழையின் இலைகள் உச்சி வெயிலில் மடிந்து தொங்குகின்றன. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் இரண்டுக்கும் 'லொல்' (loll) பொருந்தும், மூன்றாவதற்குப் பொருந்தாது. அகராதியில் 'சோம்பிச் சாய்ந்திரு, தொங்கு' என்று இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் பிள்ளைகள் 'தொங்கு' என்பதைப் பிடித்துக்கொண்டு கொடியில் காயும் சேட்டையும் சுவரில் மாட்டிய கலண்டரையும் லொல் செய்ய வைத்துவிடுகிறார்கள். அவை தொங்குவதற்கு 'ஹாங்' போதும்.

லொல்லின் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: தன்னைத் தானே பிடித்து நிறுத்தக்கூடிய ஒன்று அந்தப் பிடியை விட்டுவிட்டது. முழு உடம்பு பிடியை விட்டால் ஆள் கதிரையில் லொல் செய்கிறார். கழுத்து விட்டால் தலை லொல் ஆகிறது. நாக்கு விட்டால் அது வாய்க்கு வெளியே லொல் ஆகிறது. சேட்டுக்கும் கலண்டருக்கும் விடுவதற்கு அப்படி ஒரு பிடியே இல்லை.

லவுஞ்ச் (lounge) முழு ஆளுக்கு மட்டும் உரியது. தலை லவுஞ்ச் செய்யாது, நாக்கும் செய்யாது. இந்த வினை உடம்பின் வடிவத்தைவிட நேரம் போவதையே காட்டுகிறது. லீவு நாளில் பின்னேரம் முழுக்க வாசிகசாலை வாசலிலோ மதகடியிலோ சும்மா இருந்தவர்களுக்கு 'தே லவுஞ்ச்ட் எரவுண்ட் ஓல் ஆஃப்டர்நூன்' சரியாக வரும். அதே ஆட்களில் ஒருவர் மதிலில் முதுகைச் சாய்த்து, கை கால் தளர்ந்து நிற்கும் அந்தக் கணத்தைக் காட்ட வேண்டுமானால் 'ஹீ வொஸ் லொலிங் அகெய்ன்ஸ்ட் த வோல்'. லொல்லில் மெல்லிய கண்டிப்பும் கலந்திருக்கும். 'வேலை கிடக்க இப்படிச் சரிஞ்சு கிடக்கிறியே' என்ற தொனி. லவுஞ்ச்சில் அந்தக் கண்டிப்பு குறைவு, சுகம் கூட. அதனால்தான் விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் இடத்துக்கு லவுஞ்ச் என்று பெயர் வைக்க முடிகிறது.

பிள்ளைகள் கூடுதலாகச் சறுக்குவது தலையைப் பற்றி எழுதும்போதுதான். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நித்திரை தூங்கித் தலை விழுந்து, திடுக்கிட்டு நிமிர்ந்து, திரும்ப விழுந்தால் அது 'நொட்' (nod). களைப்பிலோ கவலையிலோ தலை மெல்ல மெல்ல முன்பக்கம் குனிந்தால் 'ட்றூப்' (droop). ஆழ்ந்த நித்திரையில் கழுத்தில் பிடியே இல்லாமல், பஸ் திரும்பும் பக்கமெல்லாம் தலை சரிந்து பக்கத்து ஆளின் தோளில் விழுந்தால் 'லொல்': 'ஹிஸ் ஹெட் லொல்ட் டு வன் சைட்'. ட்றூப் பெரும்பாலும் கீழ்நோக்கியே போகும். லொல்லுக்குத் திசை கிடையாது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போகலாம். மயங்கியவரின் தலைக்கும், கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையின் தலைக்கும் இதனால் லொல்தான் சொல். அங்கே சோம்பலும் இல்லை, கண்டிப்பும் இல்லை. தொனி ஆளுக்குச் சொல்லும்போதுதான் வரும்.

இனி வாழையிலை. நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் நடு மத்தியானம் பார்த்தால், நடுநரம்பின் இரு பக்கமும் இலை கீழே மடிந்திருக்கும். வெயில் தணியத் திரும்பவும் விரியும். இதற்கு ட்றூப் சரி: 'த லீவ்ஸ் ட்றூப் அட் நூன்'. இதையே 'வில்ட்' என்று எழுதலாமா? வில்ட் தண்ணீர் குறைந்து செடி தளர்வதைச் சொல்லும், ஆகவே காரணமும் அதற்குள் வந்துவிடும். ட்றூப் வடிவத்தை மட்டும் சொல்லும். அதனால்தான் செடி அல்லாத கண்ணிமை, தோள், மீசை, காற்றில்லாத நேரத்தில் கம்பத்தில் தொங்கும் கொடி எல்லாவற்றுக்கும் ட்றூப் பொருந்துகிறது. இலைக்கு லொல் எழுதினால் இலை சோம்பேறித்தனமாகக் கிடப்பதுபோல ஒரு படம் வரும். கவிதையில் வேண்டுமென்றே செய்தால் சரி, சோதனைக் கட்டுரையில் வேண்டாம்.

ட்றூப்பில் எழுத்துக்கூட்டல் பிழை பொருளையே மாற்றிவிடும். ஓ இரண்டு, பீ ஒன்று. ஈடி சேர்க்கும்போதும் பீ இரட்டிக்காது. ஒரு ஓவை விட்டு, பீயை இரட்டித்தால் 'ட்றொப்ட்' ஆகிவிடும். பூக்கள் தலை சாய்ந்தன என்று எழுத வந்தவர் பூக்கள் கொட்டின என்று எழுதியிருப்பார். லொல்லில் எல் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் இரண்டு. கடைசி எல்லை விட்டால் ஃபோனில் சிரிப்புக்கு அனுப்பும் மூன்றெழுத்துச் சுருக்கம்தான் மிஞ்சும். உச்சரிப்பில் 'டொல்' என்ற பொம்மைச் சொல்லோடு ஒலி ஒத்துப்போக வேண்டும். ஒகரம் அகரமாகச் சறுக்கினால் 'லல்' ஆகிவிடும். அது குழந்தையைத் தாலாட்டி உறங்கவைப்பது. அம்மா குழந்தையை 'லொல்ட்' என்று எழுதுவது இந்தக் குழப்பத்தால்தான்.

இவற்றோடு குழம்பக்கூடிய இன்னும் மூன்று வினைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூன் விழுந்தாற்போலத் தோளைத் தொங்கப்போட்டு இருந்தால் 'ஸ்லவுச்'. வகுப்பில் நிமிர்ந்து இரு என்று சொல்ல 'டோன்ட் ஸ்லவுச்'. பாயில் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பரப்பிக் கிடந்தால் 'ஸ்ப்றோல்'. கயிற்றுக் கட்டிலோ உடுப்புக்கொடியோ பாரத்தால் நடுவில் தொய்ந்தால் 'ஸாக்' (sag).

லொல்லைத் தனியே விட்டு வாக்கியத்தை முடிக்க வேண்டாம். 'ஹீ லொல்ட்' என்பது இலக்கணப்படி தவறில்லை, ஆனால் பாதியில் நின்றதுபோல ஒலிக்கும். ஆளுக்கு 'இன் த செயர்', 'ஒன் த மாட்', 'அகெய்ன்ஸ்ட் த வோல்', 'எபவுட்' என்று ஏதாவது ஒன்றைச் சேருங்கள். தலைக்கு 'டு வன் சைட்', 'பாக்', 'ஃபோவர்ட்'. நாக்குக்கு 'அவுட்'. நாய் தன் நாக்கை லொல் செய்தது என்று செயப்படுபொருளோடு எழுதும் வழக்கும் உண்டு. படிப்பவர்களுக்கு நாக்கையே எழுவாயாக வைப்பது பாதுகாப்பு: 'த டோக்ஸ் டங் லொல்ட் அவுட்'. ஆள் கிடக்கும் காட்சிக்குத் தொடர்வினையான 'வொஸ் லொலிங்' இயல்பாக வரும். தலை சட்டென்று சரிந்ததற்கு வெறும் இறந்தகாலமான 'லொல்ட்' போதும்.