‘4கே 60’ என்று அச்சிட்ட பெட்டியை நம்பி வாங்காதீர்கள்

திருமண நேரலை எடுத்துப் பிழைக்கும் நண்பர்கள் என்னைப் போல ஏமாற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பு, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், ‘4கே 60’ (3840×2160 அளவுப் படம், நொடிக்கு 60 ஃபிரேம்) என்று பெரிதாக அச்சிட்ட கேப்சர் கார்டு ஒன்றை, அதாவது கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவியை, 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். “என்கோடிங் முழுக்க கார்டே பார்த்துக்கும் சார், ப்ராசஸருக்கு வேலையே இருக்காது” என்றார் கடைக்காரர். என்கோடிங் என்பது படத்தை நேரலையில் அனுப்பத் தோதாகச் சுருக்கும் வேலை. என் கேமராவைக் கார்டில் செருகி, அதிலிருந்து எதிரே இருந்த மானிட்டருக்குக் கேபிள் இழுத்து, பளிச்சென்ற படத்தையும் காட்டினார். நான் சறுக்கியது அங்கேதான். அந்த மானிட்டர் இணைக்கப்பட்டிருந்தது லூப் அவுட்டில். கேமரா அனுப்பும் சிக்னலை அப்படியே மறுபுறம் கடத்திவிடும் வழி அது. கம்ப்யூட்டருக்குள் என்ன போகிறது என்பதற்கு அந்தப் படம் சாட்சியே இல்லை.

முதல் திருமணத்திலேயே குட்டு உடைந்தது. கெட்டிமேளம் கேட்கிறது, படமோ, தாலியோடு நீண்ட மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நிற்க, உறைந்துவிட்டது. நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸின் கீழ்வரியில் என்கோடிங் திணறுகிறது என்ற எச்சரிக்கை வந்தது. ப்ராசஸர் 100 விழுக்காட்டில் நின்றது. சிங்கப்பூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் சித்தப்பா மண்டபத்துக்கே போன் செய்துவிட்டார். பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

கடைக்குத் திரும்பிப் போனால், “கார்டு நல்லாத்தான் இருக்கு, உங்க சிஸ்டம்தான் பத்தல” என்று சொல்லி, 6,800 ரூபாய்க்கு ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும் என் தலையில் கட்டினார். என்விடியா 2012 முதல் தன் கார்டுகளில் என்வென்க் என்ற தனி என்கோடிங் பகுதியைத் தந்துவந்தாலும், ஜிடி 1030-இல் அது கிடையாது; அந்தக் கார்டு வீடியோவை ஓட்டிக் காட்டுமே தவிர என்கோடு செய்து தராது. அதைப் பொருத்திவிட்டு ஓபிஎஸ்ஸில் என்கோடர் பட்டியலை விரித்தால், பழையபடி ப்ராசஸரே செய்யும் என்கோடிங் வகைகள் மட்டும்தான் இருந்தன. (என்னுடையது ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் ப்ராசஸர் என்பதால் க்விக் சிங்க் என்ற இன்டெலின் என்கோடிங் வசதியும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாதது என் தவறு. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.)

அதன் பிறகே கேப்சர் கார்டைச் சந்தேகப்பட்டுச் சோதித்தேன். அது தரும் அளவுகளில் உச்சமே 1920×1080, நொடிக்கு 30 ஃபிரேம். அதுவும் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி ஜேபெக் படமாக நசுக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறையில். யுஎஸ்பி முனைக்குள் நீலப் பிளாஸ்டிக் வைத்து 3.0 போலக் காட்டியிருந்தாலும், கம்ப்யூட்டர் அதை 2.0 என்றே கண்டுகொண்டது. 4கே 60 படத்தைச் சுருக்காமல் அனுப்ப, நிற விவரத்தைக் குறைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஏறத்தாழ 6 கிகாபிட் வேண்டும், யுஎஸ்பி 2.0-இன் உச்ச வேகம் 480 மெகாபிட். அப்படியானால் நான் வீட்டில் எடுத்துப் பார்த்த சோதனைப் பதிவுகள் 3840×2160 என்று காட்டியது எப்படி? சின்னப் படத்தை ஓபிஎஸ் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஓபிஎஸ்ஸைத் திறந்து, கார்டு தரும் அளவுகளையும் என்கோடர் பட்டியலையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். எத்தனை ஃபிரேமில் பதிவாகும் என்பதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் ‘வீடியோ கார்டு – 1’ என்பதும், பிரித்த பொருள் திரும்பப் பெறப்படாது என்ற ரப்பர் ஸ்டாம்பும் மட்டுமே இருந்தன.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகு, கிராஃபிக்ஸ் கார்டுக்கான பணம் மட்டும் திரும்ப வந்தது. கேப்சர் கார்டு பற்றி, பெட்டியிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது என்று பதில் தந்திருக்கிறார்கள். போன் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது: உள்ளீடு 4கே 60, பதிவு 1080 30.