எம்.எட்.டா, எம்.ஏ. எஜுகேஷனா: நான் எதைப் பார்த்து முடிவெடுத்தேன்

பி.எட். முடித்து ஏழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். ஏழாவது வருடக் கடைசியில் ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. பாடம் நடத்தத் தெரிகிறது, தேர்ச்சி விகிதமும் வருகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு விஷயம் புரியும்போது அதன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்வியையே ஒரு பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நம் நாட்டில் இரண்டு வாசல்: எம்.எட்., இல்லையென்றால் எம்.ஏ. எஜுகேஷன். நான் இரண்டாவதில் நுழைந்து படித்து முடித்தேன். அதனால் இந்த ஒப்பீடு அந்தப் பக்கம்தான் சாயும். ஏன் சாய்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இரண்டுமே இரண்டு வருடம். எம்.எட். முன்பு ஒரே வருடப் படிப்பு, ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் வந்த பிறகு 2015 சேர்க்கையிலிருந்து இரண்டு வருடமானது. மறுபடியும் ஒரு வருடமாக்கும் வரைவு 2025-ல் வெளியானது, ஆகவே நீங்கள் சேரும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எட்.டுக்கு பி.எட். அல்லது அதற்கு இணையான ஆசிரியர் பயிற்சி, 50 சதவீத மதிப்பெண்ணோடு வேண்டும். எம்.ஏ.வுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் போதும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டைக் கல்வியியலில் இரண்டு தரப்பும் எழுதலாம். பள்ளியில் பி.ஜி. அசிஸ்டென்ட், அதாவது மேல்நிலை வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியர் ஆவதற்கு இரண்டுமே தேவையில்லை. அங்கே கேட்பது பாட முதுகலையும் பி.எட்.டும்தான்.

கூடுதல் பட்டம் வாங்கினால் கிடைத்த ஊக்க ஊதியம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர்கள் பலர் எம்.எட். பக்கம் போனதற்கு அந்தச் சம்பள உயர்வு பெரிய காரணம். 2020 மார்ச்சில் அரசு அந்த முறையை நிறுத்திவிட்டது. மூத்த ஆசிரியர்கள் "எம்.எட். போட்டு வை, இன்கிரிமென்ட் வரும்" என்று இன்றும் பழக்கத்தில் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை வைத்து யாரும் சேர வேண்டாம்.

சரி, என் முடிவு எங்கே திரும்பியது என்று சொல்கிறேன். முதலில் நான் விசாரிக்கப் போனது எம்.எட்.டுக்குத்தான். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி. கட்டடம் நன்றாக இருந்தது, அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர் நான் வேலையில் இருப்பதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "கவலையே படாதீங்க டீச்சர், ரெகுலரா வரவேண்டாம். பரீட்சைக்கு வாங்க, ரெக்கார்டு எல்லாம் இங்கேயே முடிச்சுக்கலாம். அதுக்குத் தனியா ஒரு தொகை, அவ்வளவுதான்" என்றார். அதை ஒரு சலுகையாக, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடமாக என்னைத் துரத்திய கேள்விக்கு வகுப்பே நடக்காத இடத்தில் பதில் எப்படிக் கிடைக்கும்?

ஒரு கல்லூரியை வைத்து எல்லாவற்றையும் பேசக்கூடாதுதான். ஆனால் இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வி பற்றி 2012-ல் அறிக்கை கொடுத்தது. தனித்து இயங்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை அக்கறையோடு பயிற்சி தர முயற்சிகூடச் செய்வதில்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே எழுதியிருக்கிறது. எம்.எட். ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமானதற்கும் அந்த அறிக்கை ஒரு காரணம். வருடத்தைக் கூட்டினார்கள். ஆனால் நடக்காத வகுப்பை இரண்டு வருடமாக்கினாலும் நடக்காத வகுப்புதானே.

அன்றிலிருந்து நான் எல்லாக் கல்லூரியையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: இந்த இரண்டு வருடம் இங்கே உண்மையிலேயே நடக்கிறதா? பாடத்திட்டம், பெயர், கட்டடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கேள்வியில் எம்.எட். முழுக்கத் தோற்றுவிடவில்லை. என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் எனக்கு நான்கு வருடம் முன்னால் ஒரு அரசுக் கல்லூரியில் எம்.எட். சேர்ந்தார். அங்கே தினமும் வகுப்பு நடந்தது. வாரம் ஒருமுறை செமினார், அதில் பேராசிரியர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார். பி.எட். கல்லூரியில் இன்டர்ன்ஷிப் போனபோது பயிற்சி மாணவர்களின் லெசன் பிளானை இவர் திருத்தினார், அவர்கள் பாடம் எடுப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியராக வேண்டும் என்றால் அதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு இல்லை. எம்.ஏ.வில் எனக்கு அது கிடைக்கவில்லை, இன்றும் அது ஒரு குறைதான். சென்னையில் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன் போன்ற பழைய அரசு நிறுவனங்கள், பள்ளிக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் தென் மாநிலங்களுக்காக மைசூருவில் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் போன்றவற்றை விசாரிக்காமல் எம்.எட்.டை ஒதுக்கிவிடாதீர்கள். மைசூருவுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, இடம் கொஞ்சம்தான்.

அக்கா சொன்ன இன்னொன்றும் முக்கியம். எம்.எட். ஆய்வேடுகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது. ஒரு மனப்பான்மையை எடுத்துக்கொள்வது, அதற்கு ஒரு கருவி தயாரிப்பது, முந்நூறு மாணவர்களிடம் நிரப்பி வாங்குவது, ஆண் பெண், நகரம் கிராமம், அரசு தனியார் என்று பிரித்து, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை போடுவது, பிறகு "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதுவது. அக்காவும் அப்படித்தான் செய்தார். "கணக்கு பழகினேம்மா, ஆனா அந்த முந்நூறு பிள்ளைங்கள்ல ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இல்ல" என்றார். அந்த வாக்கியம்தான் என்னை எம்.ஏ. பக்கம் திருப்பியது.

நான் சேர்ந்தது பெங்களூருவில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில். அங்கே முதல் மாதமே தெரிந்துவிட்டது, வராமல் இருந்து தப்பிக்க வழி இல்லை என்று. வருடக் கடைசியில் மொத்தமாக ஒரு பரீட்சை எழுதி மதிப்பெண் வாங்கும் முறை அங்கே இல்லை. படித்துவிட்டு வரவேண்டிய கட்டுரை வாராவாரம் இருக்கும். படிக்காமல் போனால் வகுப்பில் நடக்கும் பேச்சில் கலந்துகொள்ளவே முடியாது. கல்வியின் தத்துவம், சமூகவியல், பிள்ளைகள் கற்கும் விதம், பாடத்திட்டம் எப்படி உருவாகிறது என்பது போன்ற பாடங்கள். எல்லாமே ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பள்ளி முடித்த எனக்கு முதல் செமஸ்டர் பெரும் பாடாக இருந்தது; ஒரு கட்டுரையை மூன்று முறை படித்தால்தான் அது என்ன சொல்கிறது என்றே பிடிபடும். தமிழ் வழியில் வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். கஷ்டம்தான், ஆனால் கடக்க முடிகிற கஷ்டம்.

களப்பணி என்று சில வாரங்கள் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எனக்குப் புதுச்சேரியில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. மேல்நிலை வகுப்பு மட்டுமே பார்த்த நான் முதல்முறையாக நான்காம் வகுப்பில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு பெண் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். பழைய நானாக இருந்தால் சிவப்பு மையில் தவறு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன். அங்கே எனக்கு வேறு வேலை எதுவும் இல்லாததால் "இதை எப்படிப் போட்டே பாப்பா?" என்று கேட்டேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. பெரிய நம்பர்லருந்துதானே சின்ன நம்பரை எடுக்கணும்?" என்றாள். அவள் கவனக்குறைவாகப் போடவில்லை. யாரோ எப்போதோ சொல்லித்தந்த ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாள். அந்த நோட்டில் பின்னால் புரட்டினால் அதே விதி, அதே மாதிரி, பக்கம் பக்கமாக.

அன்று இரவு எழுதிய குறிப்பில் "இந்தப் பிள்ளைக்கு இடமதிப்பு தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, "இது நீங்கள் பார்த்ததா, நினைத்ததா?" என்று கேட்டார். மறுநாள் போய் குச்சிகளை வைத்துக் கேட்டேன். ஐம்பத்திரண்டைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்து, இருபத்தேழை எடுத்துவிட்டு, இருபத்தைந்து என்று சரியாகச் சொன்னாள். இடமதிப்பு அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நோட்டில் போடும் கணக்கும் கையில் போடும் கணக்கும் ஒன்றுதான் என்பதுதான் தெரியவில்லை. ஏழு வருடம் என் வகுப்பில் இயற்பியல் கணக்கைத் தப்பாகப் போட்ட எத்தனை பிள்ளைகளிடம் நான் இப்படிக் கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபோது தூக்கம் வரவில்லை. பிறகு என் ஆய்வேடும் அந்த வழியில்தான் போனது. எடுத்துக்கொண்டது பதினோரு பிள்ளைகளை மட்டும். அந்தப் பதினோரு பேரும் எப்படி யோசித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

இனி வேலைக் கணக்கு. இங்கே எம்.எட். தெளிவாக முன்னால் நிற்கிறது. என்.சி.டி.இ. 2014 விதிமுறைப்படி பி.எட். கல்லூரியில் பாடம் கற்பிக்கும் முறைகளை, அதாவது இயற்பியல் கற்பித்தல், தமிழ் கற்பித்தல் போன்றவற்றை, எடுக்க வேண்டும் என்றால் பாட முதுகலையோடு எம்.எட். கட்டாயம், இரண்டிலும் 55 சதவீதம். கல்வியின் தத்துவம், சமூகவியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது: கல்வியியலில் எம்.ஏ., அதோடு பி.எட்., இரண்டிலும் 55. என்னிடம் பி.எட். இருந்ததால் அந்தக் கதவு எனக்குத் திறந்தே இருக்கிறது. பி.எட். இல்லாமல் நேராக எம்.ஏ. போகிறவர்களுக்கு அது இல்லை. பி.எட். கல்லூரி முதல்வர் பதவிக்கு எம்.எட்.டும் பிஎச்.டி.யும் கேட்கிறார்கள். ஆகவே கல்வியியல் கல்லூரிதான் உங்கள் இலக்கு என்றால் இவ்வளவு நேரம் நான் பேசியதை மீறி எம்.எட். போங்கள். ஆனால் நடக்கிற எம்.எட்.டுக்குப் போங்கள். தொண்டு நிறுவனங்கள், பாடநூல் வேலை, ஆசிரியர்களோடு களத்தில் வேலை என்று போகிறவர்களை எம்.ஏ. நன்றாகத் தயார் செய்கிறது. என் வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். நானும் இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு கணிதம் பற்றி வேலை செய்கிறேன்.

பணம். அரசுக் கல்லூரி எம்.எட். மிகக் குறைந்த செலவு, அதில் பேச்சே இல்லை. நான் படித்த இடம் தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் அதிகம். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். அது இல்லாமல் என்னால் படித்திருக்க முடியாது. இரண்டு வருடச் சம்பளம் போனதுதான் என் உண்மையான செலவு. அதை வீட்டில் ஒத்துக்கொள்ளவைக்க நான்கு மாதம் ஆனது.

வேலையை விட முடியாதவர்கள் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் எம்.ஏ. எஜுகேஷன் படிக்கிறார்கள். நான் அந்த வழியில் போனதில்லை, அதனால் எடை போட்டுச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தெரிந்த இரண்டு பேர் அதை முடித்து நெட்டும் வாங்கினார்கள், இரண்டு பேருமே தானாக உட்கார்ந்து படிக்கிறவர்கள் என்பது மட்டும் சொல்ல முடியும்.

விண்ணப்பம் பற்றி ஒன்று. எம்.எட்.டுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியல் பேசும். நான் சேர்ந்த எம்.ஏ.வில் எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். நேர்காணலுக்கு நான் தேசியக் கல்விக் கொள்கை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர்கள் கேட்டது, "உங்கள் வகுப்பில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்." பள்ளியில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதற்கான பதில் கையிலேயே இருக்கும், அதை நம்பிப் போகலாம்.

எதில் சேர்வதானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சேர்க்கை நாளிலும் போகாதீர்கள். புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய், இரண்டாம் வருட வகுப்பறை எங்கே என்று கேட்டு, அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.