வானுக்குக் கார் டயரைப் பூட்டி அனுப்புகிறார்கள், கவனம்

வன்னியில் வாடகைக்கு வான் ஓட்டும் எல்லோரும் இதைத் தயவுசெய்து வாசியுங்கள்.

எங்கள் ஹையேஸ் வானின் டயர்கள் தேய்ந்துவிட்டதால் ஏ9 வீதியோரக் கடை ஒன்றுக்குப் போனேன். பழைய டயரைக் காட்டி, ஆட்களை ஏற்றும் வானுக்கு இதே அளவில் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "அதே அளவுதான் தம்பி, 195, 14" என்று சொல்லி நான்கையும் பூட்டிவிட்டார் முதலாளி.

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனத்தோடு போகும்போது, ஒட்டுசுட்டானை நெருங்கையில் வானின் பின்பக்கம் அலையத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் பின் டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கை வைக்க முடியாத சூடு. உள்ளே கைக்குழந்தைகளும் இருந்தார்கள். ஓட்டத்தில் அது வெடித்திருந்தால்?

"அண்ணை, இது காருக்குரிய டயர்" என்றார் அங்கே டயர் ஒட்டும் தம்பி. பழையதில் இருந்தது 195 ஆர் 14 சி, 106. புதியதில் இருப்பது 195/70 ஆர் 14, 91.

195 என்பது மில்லிமீற்றரில் அகலம், 14 என்பது அங்குலத்தில் றிம். இரண்டும் ஒன்றாக இருப்பதால் டயர் றிம்மில் சரியாக உட்கார்ந்துவிடும். ஏமாற்று அங்கேதான். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 வீதம். வான் டயரில் அந்த இலக்கம் இல்லாவிட்டால் ஏறக்குறைய 80 வீதம் என்று கொள்ள வேண்டும். 'சி' பாரம் ஏற்றும் வாகனத்துக்குரிய அடையாளம். கடைசியில் உள்ள பார இலக்கம்தான் உயிர் காப்பது: 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ மட்டுமே. பாரம் இறங்கும் பின் டயர்கள் இரண்டிலும் சேர்த்து 670 கிலோ குறைவு! தெரிந்துகொண்டே இதைச் செய்பவருக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொன்றும் இருந்தது. தயாரித்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கம் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். நான்கிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டியிருந்தார்கள். வானுக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தால் 2214, அதாவது 2014ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. புத்தம் புதிது என்றல்லவா விற்றார்கள்!

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "பூட்டி ஓடிய டயரை எடுக்க மாட்டோம்" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில். பற்றுச்சீட்டிலும் 'டயர் 4' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள்.

ஆகவே, டயர் றிம்மில் ஏறுமுன் இரு பக்கமும் பாருங்கள். அளவு, பார இலக்கம், தயாரித்த கிழமை மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன்.