கண்ணாடிக்குச் சூளை: காயில் மூடியிலா, சுவரிலா?

சூளை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு டிகிரி போகும்?" என்றுதான். கண்ணாடிக்கு அது பெரிய விஷயமே இல்லை. கலைக்கண்ணாடித் துண்டுகளை முழுதாக உருக்கி ஒன்றாக்க 800 முதல் 815 டிகிரி செல்சியஸ் போதும். அச்சில் தொய்ந்து தட்டாக இறங்க 650 முதல் 680. ஜன்னல் கண்ணாடிக்கு இன்னும் 20, 30 டிகிரி கூடும், அவ்வளவுதான். 900 எட்டும் எந்தச் சூளையும் இதைச் செய்யும். காயில், அதாவது சூடேற்றும் மின்கம்பிச் சுருள், எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மண்பாண்டச் சூளையில் காயில் சுவரைச் சுற்றி ஓடும். பானை உயரமானது, பக்கச் சூடு அதற்குப் பொருந்தும். தட்டையான கண்ணாடிக்கு விளிம்பு காயிலுக்கு அருகில், நடு தூரத்தில். விளிம்பு முதலில் விரிந்து, இன்னும் சூடேறாத நடுவை இழுக்கும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் நடுவில் விரிசல் விடும். மூடியில் காயில் உள்ள சூளையில் 6 மி.மீ. கண்ணாடியை மணிக்கு 200 டிகிரி ஏற்றலாம் என்றால், சுவரில் காயில் உள்ள சூளையில் 100க்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி விளிம்புக்கும் காயிலுக்கும் இடையே 5 செ.மீ.யாவது விடுங்கள். ஏற்கெனவே பானைச் சூளை வைத்திருப்பவர் புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து வளைக்கவும் முடியும்.

மூடியில் காயில் உள்ள அகலமான, ஆழமில்லாத சூளை கண்ணாடிக்கென்றே பிறந்தது. மேலிருந்து முழுப் பரப்பும் ஒரே சீராகச் சூடாகும். ஆனால் ஒரு அடுக்குதான் வைக்க முடியும். மூடியில் காயில் பதிந்திருக்கும் காடிகளிலிருந்து உதிரும் தூள் கண்ணாடி மேல் விழுந்து பதிந்துவிடும், எனவே வேலைக்கு முன் வேக்குவம் க்ளீனரால் மூடியைத் துடைப்பது கட்டாயம். 25 மி.மீ.க்கு மேல் தடிமனான வார்ப்புகளுக்கு மேல்சூடு மட்டும் போதாது, பக்கத்திலும் காயில் வேண்டும்.

அடுத்தது சுவர்: செங்கல்லா, செராமிக் ஃபைபரா? ஃபைபர் எடை குறைவு, சீக்கிரம் சூடாகும், மின்சாரமும் மிச்சம். ஆனால் சீக்கிரம் ஆறியும் விடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்த வேறுபாடுதான் முக்கியம். அன்னீலிங் (உள்ளே இறுக்கம் தங்காமல் கண்ணாடியை மெல்ல ஆறவைப்பது) நடக்கும்போது மின்சாரம் நின்றால் ஃபைபர் சூளை மளமளவென்று இறங்கி, கண்ணாடிக்குள் இறுக்கத்தைப் பூட்டிவிடும். செங்கல் தன்னிடமுள்ள சூட்டை மெல்ல விடுவதால் மூடியைத் திறக்காமல் இருந்தாலே பல சமயம் தப்பிக்கலாம். மின்வெட்டு உள்ள இடத்தில் எங்கள் தேர்வு செங்கல்தான். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் கன்ட்ரோலரா (சூட்டைத் தானாக ஏற்றி இறக்கும் கருவி) என்றும் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் வாங்கினால், அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் N95 முகக்கவசம் போடுங்கள்.

கன்ட்ரோலரில் ஏற்றம், நிறுத்தம், இறக்கம் மூன்றையும் தனித்தனியே எழுத முடிய வேண்டும். புல்ஸ்ஐ என்ற பிராண்டின் கலைக்கண்ணாடி 6 மி.மீ. என்றால் 482 டிகிரியில் 1 மணி நேரம் நிறுத்தி, 427 வரை மணிக்கு 83 டிகிரி வீதம் இறக்க வேண்டும். 12 மி.மீ. என்றால் 2 மணி நேரம், 55 டிகிரி வீதம். வெறும் திருகு குமிழ் உள்ள சூளையில் இது நடக்காது.

230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 3.68 கிலோவாட். அதற்கு மேல் போனால் தனி வயரிங், பெரிய சூளைக்கு த்ரீ ஃபேஸ். மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் காயிலின் வாட்டேஜ் கால் பங்கு குறையும். பாதி வழியில் சூளை ஏறாமல் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சூளையைக் குறை சொல்லும் முன் வோல்ட்மீட்டரைப் பாருங்கள்.

உடைந்து வந்த துண்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கி உருண்டிருந்தால் சூடேறும்போது உடைந்தது, ஏற்றத்தைக் குறையுங்கள். கூர்மையாக இருந்தால் ஆறும்போது உடைந்தது, அன்னீலிங்கைக் கவனியுங்கள்.

பழைய சூளை வாங்கும்போது, ஒரே அளவில் வெட்டிய 3 மி.மீ. கண்ணாடிப் பட்டைகளைச் சூளைத் தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும், இரண்டிரண்டு முட்டுகள் மேல் பாலம்போல் வைத்து 660 டிகிரிக்கு ஏற்றி 10 நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். எந்தப் பட்டை அதிகம் தொய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் சூடு அதிகம்.