வீட்டுக்கல்விக்கு வாங்கிய பல்லாங்குழிப் பலகை: ஒரு மதிப்புரை

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எங்கள் வீட்டில் எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வாங்கிய பொருள்களுள் நாள்தோறும் கையில் எடுக்கப்படுவது, நடுவில் கீல் பொருத்தி மடிக்கக்கூடிய ஒரு மரப் பல்லாங்குழிப் பலகை. மாதந்தோறும் வீடு தேடி வரும் செயல்பாட்டுப் பெட்டி ஒன்றுக்கும் முன்பு சந்தா கட்டியிருந்தோம். அதில் வந்த அட்டைகளும் ஒட்டுப்படங்களும் ஒருமுறை செய்து முடித்ததும் அலமாரிக்குப் போய்விட்டன. பல்லாங்குழி அப்படி முடிந்துபோவதில்லை. வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பெற்றோர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் இந்தப் பலகையைத்தான் சொல்வேன். அது எதைக் கற்றுத்தருகிறது, எதைக் கற்றுத்தராது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பலகையில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள். நாங்கள் குழிக்கு 5 காய் வைத்து, மொத்தம் 70 காய்களுடன் ஆடுகிறோம். காய்களின் எண்ணிக்கையும் விதிகளும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் எங்கள் வீட்டு விதியைச் சொல்லிவிடுகிறேன். தன் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ள காய்களை எல்லாம் எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் உள்ளவை தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அந்தக் குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைச் சொந்தமாக்கிக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். ஏதேனும் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் அதை உடனே எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எளிய விதிக்குள் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்பது, குழந்தைகளோடு உட்கார்ந்து ஆடும்போதுதான் தெரிகிறது. முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினால் அதிகம் கிடைக்கும் என்று மகள் ஒவ்வொரு குழியாகச் சோதித்துப் பார்த்தாள். "அப்பா, எங்கேருந்து எடுத்தாலும் ஏழுதான்பா கிடைக்குது" என்று அவள் சொன்னபோது நானும் காகிதத்தில் வரைந்து சரிபார்த்தேன். அவள் சொன்னது உண்மை. தொடக்கத்தில் எல்லாக் குழிகளிலும் ஐந்தைந்து காய் இருப்பதால், எங்கிருந்து புறப்பட்டாலும் ஐந்து முறை காய் எடுத்துப் போட்டபின் கை ஒரு காலிக் குழிக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கடுத்த குழியில் ஏழு காய் இருக்கிறது. பலகை நீளமாக இருந்தாலும் ஆட்டம் வட்டமாகத்தான் சுற்றுகிறது, வட்டத்தில் எல்லாக் குழியும் ஒன்றுதான் என்பதை அவளே கண்டுகொண்டாள். பிறகு குழிக்கு ஆறு காய் வைத்துப் பார்த்தோம். இரண்டே முறை எடுத்துப் போட்டதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் கிடைப்பது அப்போதும் ஏழுதான். ஏன் இப்படி என்ற கேள்வி எங்களை வெகுநேரம் உட்கார வைத்தது. எந்தப் பாடப்புத்தகமும் அந்தக் கேள்வியை எட்டு வயதுக் குழந்தையின் கையில் இவ்வளவு இயல்பாகக் கொடுத்திருக்காது.

ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குக் குழிகளை நிரப்பும் கட்டத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவரிடம் 27 காய் சேர்ந்திருந்தால் மற்றவரிடம் 43 இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ காய் உருண்டு போயிருக்கிறது. 27 காய் வைத்திருப்பவர் ஐந்து குழிகளை நிரப்புவார், இரண்டு மிஞ்சும், இரண்டு குழிகள் அடுத்த சுற்றில் அவருக்கு இல்லை. 43 வைத்திருப்பவர் ஏழு குழிகளையும் நிரப்பி எட்டைக் கையிருப்பாக வைத்துக்கொள்வார். மீதியுடன் வகுத்தல் என்று பாடத்தில் வருவது இதுவே. இங்கே மீதி என்பது நோட்டின் ஓரத்தில் எழுதி மறந்துபோகும் எண்ணாக இல்லாமல், குழிகளை நிரப்பியபின் தன் கையில் மிஞ்சும் காய்களாகவே இருப்பதால், குழந்தை அதைத் தவறாகச் சொல்வதே இல்லை. ஐந்தாம் வாய்ப்பாட்டை நாங்கள் தனியாக மனப்பாடம் செய்ய வைக்கவும் இல்லை.

போகப் போக, போடுவதற்கு முன்பே கடைசிக் காய் எங்கே விழும் என்று கணிக்கும் பழக்கம் வருகிறது. ஒரு குழியில் 14 காய் சேர்ந்துவிட்டால் கடைசிக் காய் புறப்பட்ட குழிக்கே திரும்பி வரும். 15 சேர்ந்தால் அதற்கடுத்த குழியில் விழும். கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த மகளுக்கு, கடிகாரமும் பன்னிரண்டில் ஒரு சுற்று முடியும் வட்டம்தான், ஆகவே 14 மணி என்றால் பிற்பகல் 2 மணி என்பதை இதன் துணையோடு எளிதாக விளக்க முடிந்தது. மகனுக்கு இந்தக் கணக்குகள் இன்னும் எட்டவில்லை. ஒரு குழிக்கு ஒரு காய் என்று தவறாமல் போடுவதும், நான்கு காய்களை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் ‘பசு’ என்று கூவுவதுமே இந்த வயதில் அவனுக்குரிய பாடம், அது போதுமானது.

இனி, இதனால் ஆகாதவை. இடமதிப்பு, பின்னம், தாளில் எழுதிச் செய்யும் கூட்டல் கழித்தல் ஆகியவற்றைப் பல்லாங்குழி கற்றுத்தராது. இடமதிப்புக்கு, பத்து மணிகளுக்கு ஒரு நிறமாக இரு நிறங்களை மாற்றி மாற்றிக் கோத்த நூறு மணி மாலையைப் பயன்படுத்துகிறோம். அதை வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உள்ளன. அந்த வழியில் தேர்வு எழுத நினைக்கும் குடும்பங்கள் எழுத்துப் பயிற்சியைத் தனியாகத் திட்டமிட்டே ஆக வேண்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து, தானும் மனம் ஒன்றி ஆடினால்தான் இவையெல்லாம் நடக்கின்றன. பலகையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்துவிட்டால் காய்கள் சமையல் விளையாட்டுக்குப் போய்விடும். அதுவும் நல்ல விளையாட்டுதான் என்றாலும், கணக்குக்காக வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைவார்கள்.

ஆடுபுலி ஆட்டத்தையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் வெவ்வேறு வலிமையும் வெவ்வேறு இலக்கும் இருப்பதால், ஆடாக ஆடும் குழந்தை கூட்டாக நகர்ந்து புலியை அடைக்கவும், புலியாக ஆடும் குழந்தை பொறுத்திருக்கவும் பழகுகிறது. கன்னடம் பேசும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் வீடுகளிலும் இந்த ஆட்டம் பழக்கமானது என்பதால் விளையாடத் துணைக்குப் பஞ்சமில்லை.

தமிழ் வாசிப்பையும் இந்த ஆட்டங்களோடுதான் இணைத்தோம். எங்கள் வீட்டு விதிகளை மகள் தன் கையால் தமிழில் எழுதி, விருந்தாளியாக வரும் எவரும் படித்து ஆடும்படி தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கிறாள். குழப்பமான வாக்கியத்தை எதிராளியே சுட்டிக்காட்டிவிடுவதால் நான் திருத்த வேண்டிய தேவை எழுவதில்லை. கதைகளுக்கு, பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பெரிதும் உதவுகிறது. படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, தமிழிலும் கிடைக்கின்றன, கட்டணமின்றித் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பலரும் மொழிபெயர்த்துச் சேர்க்கும் தளம் என்பதால் பெற்றோர் ஒருமுறை வாசித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. அச்சுப் புத்தகத்தின் வாசனைக்கு அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எங்கள் பலகையை வாங்கிய மரச்சாமான் கடையில் முதலில் கொடுத்ததன் கீல் தளர்ந்திருந்தது. விரித்து வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து காய்கள் அதில் சிக்கின. திருப்பிக் கொடுத்ததும் மறுப்பின்றி வேறு கொடுத்தார்கள். ஆகவே கடையிலேயே விரித்து, குழியில் பதினைந்து காய்களைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆழம் குறைந்த குழியில் காய்கள் வழிந்துவிடும், மிக ஆழமான குழியிலிருந்து சிறு விரல்களால் வழித்தெடுக்க முடியாது. கன்னடத்தில் அளகுளி மணெ என்று கேட்டால் கடைக்காரர்களுக்கு உடனே புரிகிறது. எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. உழைக்கும் காலத்தைப் பார்த்தால் அது நியாயமான விலை.

மகனுக்கு மணிகளும் பம்பரங்களும் சன்னபட்டணத்தில் செய்தவையாக வாங்கினோம். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள அந்த ஊரில், வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்திப் பிடித்து, உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும்படி செய்கிறார்கள். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கர்நாடக அரசின் காவேரி விற்பனை நிலையங்களிலும் இவை கிடைக்கும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருந்தாலும், சன்னபட்டணப் பொம்மைகளைப் போலப் புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற பொருள்களுக்கும் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு சன்னபட்டணப் பொம்மையை ஒதுக்க வேண்டாம். அதே வடிவில் பளபளக்கும் சாயம் பூசிய மலிவுப் பொருளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

காய்களாகச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதையும் பயன்படுத்தலாம். குன்றிமணியை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பார்க்க அழகாக இருந்தாலும் அதைக் கடித்து விழுங்கினால் கடும் நஞ்சு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் எந்தக் காயும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால், ஆடி முடித்ததும் 70 காயும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பையில் போட்டுக் கட்டி உயரத்தில் வைக்க வேண்டும். அந்த எண்ணும் வேலையை மூத்த குழந்தையிடம் கொடுங்கள், பையை மேலே வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.