நெட்ஸ்டைல்: ஆகனில் பதினேழு மாதம் ஓட்டிய 22 யூரோ சார்ஜர்

நான் ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கிறேன். போன வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, அக்டோபர்ல அங்க படிக்க வாரேன். லேப்டாப் சார்ஜர் ஒண்ணு கூடுதலா வாங்கிட்டு வரவா, இல்ல அங்கேயே கிடைச்சிருமா?" கிடைக்கும் என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. அன்று காலையில்தான் என் சார்ஜர் எனக்கு ஓர் இரவு வேலையைக் கெடுத்து வைத்திருந்தது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படட்டும்.

என்னுடையது 2021-ல் திருநெல்வேலியில் வாங்கிய லேப்டாப். கூட வந்த சார்ஜர் 65 வாட், 19.5 வோல்ட். லேப்டாப்பில் செருகும் முனை உருண்டையானது, 4.5 மில்லிமீட்டர் தடிமன். அதன் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின் நிற்கும். இந்த ஊசியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி-சி துளை ஒன்றும் உண்டு, ஆனால் அது டேட்டாவுக்கு மட்டும்தான். அதில் சார்ஜ் ஏறாது.

தம்பி, முதலில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு வருவதற்காகச் சார்ஜரை மாற்றவே வேண்டாம். அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். நம் ஊரிலும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். பொருந்தாதது சுவரில் செருகும் பிளக் மட்டும்தான். நம்முடைய மூன்று பின் பிளக் இங்கே நுழையாது. இங்குள்ள சாக்கெட் ஒரு கிண்ணம் போலச் சுவருக்குள் குழிந்திருக்கும். உள்ளே இரண்டு துளை, எர்த்துக்கு ஓரத்தில் மேலும் கீழும் இரண்டு உலோகப் பட்டை.

நான் விமான நிலையத்தில் வாங்கிய டிராவல் அடாப்டர் ஒன்றை வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். அதன் கனத்துக்குக் குழியில் சரியாக உட்காராது, தலை சாய்ந்து தொங்கும். அதைவிட மோசம், அதில் எர்த் இணைப்பே கிடையாது. சார்ஜ் ஆகும்போது லேப்டாப்பின் உலோக மேற்பரப்பில் மணிக்கட்டை வைத்தால் ஜிவ்வென்று ஒரு கூச்சம் ஓடும். குளிர்காலத்தில் கம்பளி ஸ்வெட்டரால் வருவது என்று நினைத்துக்கொண்டேன். கோடையிலும் வந்தது. மின்பொறியியல் படிக்கும் நண்பன் ஒருவன்தான் காரணம் சொன்னான். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும், அவற்றின் வழியே மிகச் சிறிய அளவில் மின்சாரம் கசியும், எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெட்டிப் பக்கம் மிக்கி மௌஸ் தலை போல மூன்று துளை உள்ள கேபிள் அது. இங்கே அதைக் கிளேபிளாட் என்பார்கள், மூவிலைத் தழை என்று பொருள். ஆறு யூரோ கொடுத்து வாங்கி மாட்டினேன். அன்றோடு அந்தக் கூச்சம் நின்றது. நான்கு வருடத்தில் இங்கே நான் செலவழித்ததில் இதைப் போலத் திருப்தி தந்த ஆறு யூரோ வேறில்லை.

அந்த ஒரிஜினல் சார்ஜர் செத்தது 2024 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை இரவு. தேர்வுக் காலம். முனையோடு வயர் சேரும் கழுத்தில் ரப்பர் ஏற்கெனவே வெடித்திருந்தது. டேப் சுற்றி வைத்திருந்தேன். அன்று எப்படிப் பிடித்தாலும் விளக்கு எரியவில்லை. பேட்டரியில் நாற்பது சதவீதம் மிச்சம். மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் ஞாயிறன்று கடை திறக்காது. ஆகனிலிருந்து பஸ் ஏறி நெதர்லாந்து எல்லை தாண்டினால் ஃபால்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஞாயிறும் சூப்பர் மார்க்கெட் உண்டு என்பதால் மாணவர்கள் பால், ரொட்டி வாங்கப் போவார்கள். நானும் போய்ப் பார்த்தேன். போன் சார்ஜர் இருந்தது, லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை.

திரும்பி வந்ததும் பக்கத்து அறைப் பையனிடம் கேட்டேன். அவனுடையது வேறு கம்பெனி லேப்டாப். ஆனால் அவன் சார்ஜரும் 19.5 வோல்ட், முனையும் அதே 4.5 மில்லிமீட்டர். செருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது. லேப்டாப்பும் ஓடியது. பேட்டரி மட்டும் நாற்பதிலேயே நின்றது, ஒரு ஃபைல் திறக்க அரை நிமிடம் ஆனது. திரையில் ஓர் அறிவிப்பு: சார்ஜரின் வகையை அறிய முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம், வேகம் குறைக்கப்படும்.

அப்போதுதான் அந்த ஊசியின் வேலை எனக்குப் புரிந்தது. மின்சாரம் உருளையின் உள்சுவர், வெளிச்சுவர் வழியாக வந்துவிடும். நடுவில் நிற்கும் ஊசி அடையாளம் கேட்பதற்கு. என் லேப்டாப்பின் சார்ஜருக்குள் ஒரு சின்னச் சிப் உட்கார்ந்துகொண்டு, நான் இந்தக் கம்பெனிச் சார்ஜர், என்னால் 65 வாட் தர முடியும் என்று ஊசி வழியே பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் லேப்டாப் வந்த மின்சாரத்தில் ஓடும், பேட்டரியை ஏற்றாது, பிராசஸரையும் இழுத்துப் பிடித்துவிடும். தகுதியில்லாத சார்ஜரிலிருந்து அதிக மின்னோட்டம் இழுத்து அது சூடாகி எரியக் கூடாது என்பது காரணம். அது நியாயம்தான். ஆனால் வேறொரு நல்ல சார்ஜரை ஏற்காததற்கும் அதே காரணத்தைச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "லாடேகாபல்" இருக்கிறதா என்று கேட்டேன், சார்ஜ் கேபிள் என்ற அர்த்தத்தில். கடைக்காரப் பெண் என்னை நேராகப் போன் கேபிள் வரிசைக்குக் கூட்டிப் போனார். இல்லை, லேப்டாப்புக்கு என்றேன். இன்னும் தடிமனான ஒரு போன் கேபிளை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் பையிலிருந்து செத்த சார்ஜரை எடுத்துக் காட்டினேன். "ஆ, நெட்ஸ்டைல் (Netzteil)!" என்றார். நெட்ஸ் என்றால் மின்வலை, டைல் என்றால் பாகம். தம்பி, இந்தச் சொல்லை இப்போதே குறித்துக்கொள். கடையிலும் சரி, பழைய பொருள் விற்கும் தளங்களிலும் சரி, இந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால்தான் சரியான பொருள் கண்ணில் படும்.

அங்கே இருந்தது எட்டு முனையோடு வரும் யூனிவர்சல் வகை மட்டும். அதில் என் முனையும் இருந்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணே நடுவூசியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இது வேண்டாம், லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளாது என்றார். கையில் வந்த விற்பனையை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கம்பெனியின் இணையக் கடையில் ஒரிஜினல் 64 யூரோ, வந்து சேர ஒன்பது நாள். அப்பா போனில், "ஏல, நான் இங்கேருந்து அனுப்புதேன், ரெண்டாயிரத்து ஐநூறுதான்" என்றார். அனுப்பும் கூரியர் செலவே அதற்கு மேல் வந்தது. எனக்கோ எட்டாம் நாள் தேர்வு. அதனால் என் மாடல் எண்ணைப் போட்டு, அடையாளச் சிப் உண்டு என்று எழுதியிருந்த வேறு தயாரிப்பு ஒன்றை 22 யூரோவுக்கு ஆர்டர் செய்தேன். புதன்கிழமை வந்துவிட்டது.

இதன் நல்லதை முதலில் சொல்கிறேன், அத்தனையும் உண்மை. லேப்டாப்பில் செருகும் முனை எல் போல வளைந்தது. ஒரிஜினலின் கழுத்து ஒடிந்ததே அது நேராக நீட்டிக்கொண்டிருந்ததால்தான். வயர் ஒரிஜினலைவிட ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், படுக்கையிலிருந்தே படிக்கலாம். முழு வேலை ஓடும்போதும் பெட்டி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பழையது கையில் பிடிக்க முடியாதபடி சுடும். எடையும் குறைவு. உட்கார்ந்த இடத்தில் முனை ஆடுவதில்லை. என் ஆறு யூரோ மூவிலைக் கேபிளும் இதில் அப்படியே பொருந்தியது. பேட்டரியின் ஆயுள் குறைந்ததாகவும் தெரியவில்லை.

ஐந்தாம் மாதத்தில் அந்த அறிவிப்பு தலைகாட்டியது. லேப்டாப்பை ஆன் செய்ததும் வெள்ளை எழுத்தில் வந்து நிற்கும், ஒரு கீயை அழுத்தினால்தான் நகரும். முனையைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகிவிடும். சில சமயம் மூன்று தடவை. வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் இரண்டு முறை. விற்றவருக்கு எழுதினேன். வாங்கிய முதல் வருடத்துக்குள் கோளாறு வந்தால், பொருள் தொடக்கத்தில் சரியாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. 2022 முதல் இங்கே சட்டம் அப்படி. அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு வீடியோ கேட்டார், அனுப்பினேன், நான்கு நாளில் புதியதை அனுப்பிவிட்டார். பழையதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விற்றவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

புதியதும் ஆறு மாதம் கழித்து அதே போல ஆனது. கோளாறு ஒருவேளை லேப்டாப்பின் துளையில் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பனின் ஒரிஜினலை மூன்று வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூட அறிவிப்பு வரவில்லை. என்னுடையதை மாட்டிய இரண்டாம் நாளே வந்தது. இவ்வளவு நன்றாகச் செய்த பொருளில் ஊசிக்குப் போகும் அந்த ஒரு மயிரிழை வயர் மட்டும்தான் சரியில்லை.

போன வாரம் நடந்தது இது. தீசிஸுக்கான சிமுலேஷன் ஒன்றை இரவு பதினொரு மணிக்கு ஓடவிட்டுப் படுத்தேன். காலை ஏழுக்கு எண்பது சதவீதமாவது முடிந்திருக்க வேண்டும். எழுந்து பார்த்தால் பதினான்கில் நிற்கிறது. பிராசஸர் 0.78 கிகாஹெர்ட்ஸில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ராத்திரி ஏதோ ஒரு நேரத்தில் ஊசியின் தொடர்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் வந்துகொண்டேதான் இருந்தது. பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எட்டு மணி நேரம் வீண். மேற்பார்வையாளரிடம் இன்னொரு நாள் கேட்டு மின்னஞ்சல் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் ஆகிவிட்டது. லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அதோடு இந்த ஊசி விளையாட்டு புதிய லேப்டாப்களில் முடிந்துபோகும் என்று முழு மனதோடு நம்புகிறேன். தம்பி, நீ இப்போது லேப்டாப் வாங்குவதாக இருந்தால் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கடையில் செருகிப் பார்த்து வாங்கு. துளை இருப்பது மட்டும் போதாது, என்னுடையதில் இருந்தும் பலனில்லை. அப்படி ஏறும் லேப்டாப் என்றால் இங்கே எந்தக் கடையிலும் 65 வாட் சார்ஜர் கிடைக்கும். கேபிள் மட்டும் 5 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து எடு. சாதாரண 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும்.

என்னுடையதைப் போல ஊசி முனை உள்ள பழைய லேப்டாப்பைத்தான் கொண்டுவருகிறாய் என்றால், ஊரிலேயே ஒரிஜினல் ஒன்று கூடுதலாக வாங்கி வந்துவிடு. பயணப் பெட்டியில் அது எடுக்கும் இடத்துக்கு ஒரு பாக்கெட் மசாலா குறைந்தாலும் பரவாயில்லை, மசாலா இங்கே கிடைக்கும். இந்த 22 யூரோ சார்ஜரை வாங்காதே. நீள வயர், வளைந்த முனை, சூடாகாத பெட்டி என்று மேலே நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் வாங்காதே. நாளை சாயங்காலம் பழைய ஒரிஜினல் ஒன்றை 15 யூரோவுக்குத் தருவதாகச் சொன்ன ஒருவரைப் பார்க்கப் போகிறேன். லேப்டாப்பையும் எடுத்துப் போய், செருகி, பேட்டரி ஏறுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.

டிராவல் அடாப்டர் மட்டும் வாங்கி வராதே. மூவிலைக் கேபிள் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. வந்து இறங்கியதும் சொல், ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து தருகிறேன்.