படம் பளிங்குபோல் தெளிவு, கூட்டத்தின் குரல் எங்கே?

பழைய மல்யுத்த ஆட்டங்கள் குவிந்து கிடக்கும் அந்த இணையச் சேவை சந்தாக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறது. செய்தி வந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்கள்தான் பல வருடமாகக் கட்டிப் பார்க்கிறீர்களே, நானும் கட்டலாமா? கட்டினால் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கட்டும்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் எப்போதும் என் கைவசம் இருக்கிறது. முதல் கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அதில் எத்தனை ஆயிரம் மணி நேரக் காட்சிகள் இருக்கின்றன, எந்தெந்தக் கருவியில் ஓடும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவது ஒரே ஒரு வேலைக்கு. மல்யுத்த வீரர்கள் பேட்டியிலும் சுயசரிதையிலும் தங்களுக்குப் பிடித்தது என்று சொன்ன ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பேன். ரசிகர்கள் போடும் பட்டியல்களை விட எனக்கு இந்த வழி உயர்ந்தது. யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே முடிவாகிவிட்ட ஆட்டத்தில், ஜெயித்ததற்காக ஒரு வீரர் அதை நெஞ்சில் வைத்துக்கொள்ள மாட்டார். வேறு ஏதோ ஒன்று அவரைப் பிடித்திருக்கிறது. அது என்ன என்று தேடிக்கொண்டே பார்க்கும்போது, பல தடவை பார்த்த ஆட்டம்கூடப் புதிதாகிவிடுகிறது.

பிரெட் ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மல்யுத்தத்தின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் 1997-இல் அவர் ஸ்டீவ் ஆஸ்டினோடு மோதியதைச் சொல்வார்கள். முகமெல்லாம் ரத்தம் வழிய, பிடியிலிருந்து விடுபட முடியாமல், ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் ஆஸ்டின் மயங்கிப்போவாரே, அந்த ஆட்டம். வில்லனாக உள்ளே வந்தவர் நாயகனாகவும், நாயகனாக வந்தவர் வில்லனாகவும் வெளியே போனார்கள். மறுப்பதற்கில்லை, மகத்தான ஆட்டம். ஆனால் பிரெட் தன் மனதுக்கு நெருக்கமானது என்று திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சம்மர்ஸ்லாம் என்ற கோடைகால நிகழ்ச்சியின் ஆட்டத்தை. எதிரில் நின்றவர் அவருடைய தங்கை டயானாவின் கணவர், 'பிரிட்டிஷ் புல்டாக்' டேவி பாய் ஸ்மித். அறிவிக்கப்பட்ட கூட்டம் 80,355 பேர். பட்டத்தைப் பறிகொடுத்துத் தோற்றவர் பிரெட்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பேசிவைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது என்று டேவி பாய் தன் காதில் சொன்னதாக பிரெட் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு ஒவ்வோர் அடியையும் அவர்தான் எடுத்துக்கொடுத்தாராம். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். பிரெட் மைத்துனரின் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு இறுக்குகிறார். நனைந்த நீள முடி இருவர் முகத்தையும் மறைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது மூச்சை அடைக்கும் பிடி. உள்ளே அடுத்த பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பிடி விலகுகிறது, புல்டாக் எழுகிறார், அடுத்த நகர்வு பிசிறில்லாமல் வருகிறது. மைதானம் எழுந்து நிற்கிறது. கடைசியில் மேலிருந்து புரட்டிக் கவிழ்க்க வந்த பிரெட்டின் தோள்களைத் தரையில் அழுத்தி உட்கார்ந்து, கால்களை வளைத்துப் பிடித்துக்கொள்கிறார் டேவி பாய். தோள்கள் தரையில் இருக்க நடுவர் மூன்று முறை தரையில் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நடுவரின் கை மூன்றாவது முறை தரையில் விழும்போது எழும் ஓசையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தன் ஊர்க்காரன் ஜெயித்துவிட்டான் என்ற எண்பதாயிரம் பேரின் கூச்சல் அது. தோற்றுக் கிடக்கும் பிரெட் அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார். அதை வரவழைத்தது தான்தான் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஆட்டம் ஏன் அவருக்குப் பிடித்தது என்று இதற்கு மேல் கேட்க வேண்டுமா?

வீரர்களின் விருப்பப் பட்டியலில் நான் கண்டது இதுதான். அவர்கள் காதால் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். ரசிகன் கண்ணால் நினைவு வைத்துக்கொள்கிறான்.

மிக் ஃபோலி என்றால் ரசிகனுக்கு 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் நடந்த கூண்டு ஆட்டம். கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி எறிகிறார், வர்ணனையாளர் மேசையை உடைத்துக்கொண்டு விழுகிறார், திரும்பவும் ஏறுகிறார், இம்முறை கூரையே பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறார். பல் உடைந்து மூக்குத் துளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி ஃபோலிக்கே நினைவில் இல்லை. அவர் தனக்குப் பிடித்ததாகச் சொல்வது 2004-இல் எட்மன்டனில் இளைஞர் ராண்டி ஓர்ட்டனோடு மோதித் தோற்ற ஆட்டத்தை. ஆட்டத்திறன் என்று பார்த்தால் 1996-இல் பிலடெல்பியாவில் ஷான் மைக்கேல்ஸோடு மோதியதை உயர்த்திப் பேசுவார். அண்டர்டேக்கர் கதையும் இதுவே. 2014 ரெசில்மேனியாவில் ப்ராக் லெஸ்னர் அந்த நிகழ்ச்சியில் அவர் பெற்றுவந்த 21 ஆட்டத் தொடர் வெற்றியை முறித்த இரவை எந்த ரசிகனும் மறக்கவில்லை. தலையில் அடிபட்ட அண்டர்டேக்கருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை. அவர் மனம் நிறைந்து பேசுவது 2009-இல் ஹூஸ்டனில் ஷான் மைக்கேல்ஸோடு ஆடியதைப் பற்றி.

ரசிகர்கள் இதை ஏற்றுக்கொள்வதில்லை. "அவருக்கே தன் அருமை தெரியவில்லை" என்று வீரருக்கே பாடம் எடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வகையினர் நட்சத்திரக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2018-இல் ஒசாகாவில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியதற்கு, ஐந்து நட்சத்திர அளவுகோலையே மீறி மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் ஏழு நட்சத்திரம் கொடுத்தார். அந்த எண்ணை வைத்து இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதில் எனக்கு ஆர்வமும் இல்லை.

இனி என் புகாருக்கு வருகிறேன். படத் தெளிவில் குறையே சொல்ல முடியாத இந்தச் சேவை, கூட்டத்தின் ஒலியில் கைவைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் பல வீரர்கள் பிரபலமான பாடல்களோடு அரங்கத்துக்குள் வருவார்கள். தொலைக்காட்சியில் ஒருமுறை ஒலிபரப்ப ஒரு வகை உரிமை, காப்பகத்தில் வைத்து நிரந்தரமாகக் காட்ட வேறு வகை உரிமை. பணம் கட்ட மனமில்லாதபோது பாட்டை எடுத்துவிட்டு ஏதோ ஒரு கிதார் இரைச்சலைப் போடுகிறார்கள். அதுவரை எனக்குப் புரிகிறது. ஆனால் அரங்க ஒலிபெருக்கியில் பாடிய பாட்டும் அதற்கு மேல் கூட்டம் போட்ட கூச்சலும் ஒரே ஒலித்தடத்தில் பதிந்தவை. பாட்டை எடுத்தால் கூட்டமும் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப, வேறெங்கோ பதிவுசெய்த பொதுவான ஆரவாரத்தை ஒட்டிவிடுகிறார்கள்.

இதன் விளைவைத் தெரிந்துகொள்ள ஈ.சி.டபிள்யூ. என்ற பழைய அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் சாண்ட்மேன் என்ற வீரர் வருகிற காட்சி ஒன்றைப் பார்த்தால் போதும். கையில் பிரம்பு, பீர் டின், வாயில் சிகரெட்டோடு கூட்டத்துக்கு நடுவே நிமிடக்கணக்கில் நடந்து வருவார். அரங்கமே சேர்ந்து பாடும். அந்தப் பாட்டும் நடையும்தான் அவர்; ஆட்டம் அதற்கு அப்புறம்தான். நான் சந்தா கட்டிப் பார்க்கும் பதிவில் நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே தாளத்தில் திறந்து மூடுகின்றன, கைகள் ஒன்றாக உயர்கின்றன, கேட்பது வேறு தாளத்தில் ஓடும் பெயரில்லாத கிதார். அடியில் ஒட்டிய ஆரவாரத்தில் ஒரு சீழ்க்கை ஒலி இருக்கிறது. சில விநாடிகள் கழித்து அதே சீழ்க்கை, அதே சுருதியில் மறுபடி வருகிறது. பிறகு மறுபடி. ஒருமுறை கண்டுகொண்டால் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. கல்யாண வீட்டு ஒளிப்படத்தில் உறவினர் முகங்களை அழித்துவிட்டு அச்சகத்தில் கிடந்த வேறு முகங்களை ஒட்டித் தந்தால் எப்படி இருக்கும்? அந்த ஆத்திரம்தான் எனக்கு.

இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கட்டும். நோய்த்தொற்றுக் காலத்தில் அந்த ஆண்டு ரெசில்மேனியாவை ஆளில்லாத பயிற்சிக் கூடத்தில் நடத்தினார்கள். அதே வீரர்கள், அதே நகர்வுகள். மேடைப் பலகை அதிர்வதும் வீரர்கள் மூச்சுவிடுவதும்தான் கேட்டன. கூட்டம் இல்லாவிட்டால் இந்தக் கலையில் பாதி இல்லை என்று உலகத்துக்கே தெரிந்த ஆண்டு அது. அப்படியிருக்க, கூட்டம் இருந்த ஆட்டங்களிலும் அதை அழிப்பவர்களை என்னவென்று சொல்வது?

2002 மார்ச் 17, டொரோண்டோ ஸ்கைடோம், ஹல்க் ஹோகனும் ராக்கும். ராக் பெருமையோடு நினைவுகூரும் ஆட்டம் இது. ஹோகன் அன்று வில்லன், ராக் நாயகன். மணி அடிப்பதற்கு முன் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு பக்கக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், பிறகு மறுபக்கம். முதல் பிடியில் ஹோகன் ராக்கைத் தள்ளிவிட்டதும் அறுபத்தெட்டாயிரம் பேர் வில்லனுக்காகக் குதிக்கிறார்கள். ராக் அடித்தால் கூச்சலிட்டு எதிர்க்கிறார்கள். எழுதிவைத்த கதை அங்கேயே செத்துவிட்டது. இருவரும் அதைக் கேட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே தங்கள் வேடங்களை மாற்றிக்கொண்டார்கள். நகர்வுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது சுமாரான ஆட்டம். வயதான ஹோகனால் அதிகம் ஓடவும் முடியவில்லை. கூட்டத்தைச் சேர்த்துக் கேட்டால் அதற்கு இணை வெகு சிலவே. நல்லவேளை, இதில் கை வைக்கவில்லை. வெம்ப்ளியிலும் இல்லை. ஆனால் புதுப்பித்த பதிப்பு என்று எதையாவது ஏற்றும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

நேரக்கோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையில் விரல் பட்டால் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று காட்டுகிறது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது நடுவரின் கை இரண்டாவது முறை விழுந்தால், அது மூன்றாகாது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். 2009 ஹூஸ்டன் ஆட்டத்தின் உயிரே அந்தத் திகில்தான். அண்டர்டேக்கரின் கடைசி அஸ்திரத்திலிருந்தும் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கிவிட்டதும், அண்டர்டேக்கரின் கண்கள் விரிந்து நிற்கும் முகத்தைப் பாருங்கள். அதை அனுபவிக்க நேரம் தெரியக்கூடாது. மறைத்துவைக்க ஒரு வசதி கொடுத்திருக்கலாம்.

எந்தக் காப்பகமும் தர முடியாத ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. 1987-இல் ராண்டி சாவேஜோடு ஆடியதற்காகத்தான் ரசிகர்கள் ரிக்கி ஸ்டீம்போட்டைக் கும்பிடுகிறார்கள். அதில் ஒவ்வோர் அசைவையும் சாவேஜ் தாளில் எழுதி, எண் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி ஒப்பித்துக் காட்டவைத்தார். ரிக் ஃபிளேரோடு ஆடும்போது அப்படி எதுவும் கிடையாது. கூட்டத்தைக் கேட்டு அங்கேயே தீர்மானிப்பார்கள். 1989-இல் தொலைக்காட்சியில் காட்டாமல் ஊர் ஊராகத் தாங்கள் ஆடியவைதான் தங்கள் தொடரிலேயே சிறந்தவை என்று அவர்கள் சொல்கிறார்கள். அன்று அந்த அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே அதைப் பெற்றார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். இந்தச் சேவை இல்லாவிட்டால் நான் பார்த்திருக்கும் ஆட்டங்களில் பாதியைப் பார்த்திருக்க மாட்டேன். தேடினால் உடனே கிடைக்கிறது. ஆண்டு, ஊர், வீரர் என எப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறது. பழைய ஒளிநாடாக்களில் சேறுபோல் தெரிந்த முகங்கள் இப்போது வியர்வைத் துளி வரை தெரிகின்றன. வீரர்களே தங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் தொகுப்புகளுக்கு மட்டுமே தனியாகப் பணம் கொடுக்கலாம். குறைத்திருக்கும் கட்டணம் மிக மலிவு.

ஆனாலும் நண்பரே, கட்டாதீர்கள். ஒலியை மாற்றிய பதிவுகளில் "ஒலி மாற்றப்பட்டது" என்று ஒரு வரியாவது போடுங்கள் என்று அவர்களுக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு வரி வரும் வரை என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வேறு வழியில் ஜப்பானிய ஆட்டங்கள் கிடைத்தால், 2005 ஜூலையில் டோக்கியோ டோமில் கோபாஷியும் சசாகியும் நெஞ்சில் மாறி மாறி அறைந்துகொண்ட ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். நிமிடக்கணக்கில் வேறு எதுவும் செய்யாமல் அறைகிறார்கள், ஒவ்வோர் அறைக்கும் அரங்கம் இன்னும் உரக்கக் கத்துகிறது. அதில் யாரும் எதையும் ஒட்டவில்லை.